பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். என் சம்பளம் ஏன் இன்னும் போதவில்லை?

கேள்வி – வடமராட்சிப் பெண்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 28 வயது. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். 2021 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் 45,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தேன். இப்போது 72,000 ரூபாய் பெறுகிறேன். நான்கு ஆண்டுகளில் 27,000 ரூபாய் கூடியிருக்கிறதே, இன்னும் என்ன குறை என்று வீட்டிலும் வெளியிலும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மாதக் கணக்கை மறைக்காமல் வைக்கிறேன். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிந்த பின் கையில் கிடைப்பது 66,240 ரூபாய். வெள்ளவத்தையில் இன்னொரு பெண்ணுடன் பகிர்ந்துகொள்ளும் அறைக்கு என் பங்கு 18,000. சாப்பாட்டுக்கு ஏறத்தாழ 22,000. பஸ்ஸுக்கும் இடையிடையே முச்சக்கர வண்டிக்கும் 5,500. மின்சாரம், தண்ணீர் 2,500. தொலைபேசி, இணையம் 2,500. வீட்டுக்கு அனுப்புவது 15,000. அதில்தான் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பியின் செலவும் அடங்குகிறது. எல்லாம் போக 740 ரூபாய் மிஞ்சும். ஒரு காய்ச்சல் வந்து மருந்து வாங்கினால், அல்லது செருப்பு அறுந்துபோனால், அந்த 740 ரூபாயும் இல்லை.

2021 இல் 45,000 ரூபாயில் வீட்டுக்கும் அனுப்பினேன். மாதம் 5,000 ரூபாய் சீட்டும் கட்டினேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கும் போய்வந்தேன். இப்போது பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் மட்டுமே போகிறேன். 2022 இல் எரிவாயுவும் பெற்றோலும் இல்லாமல் எல்லோரும் தவித்த காலத்தில் என்னுடைய இரண்டு காப்புகளை ஈடு வைத்தோம். அவற்றை இன்றுவரை மீட்க முடியவில்லை. ஏப்ரலில் கிடைக்கும் போனஸ் ஒவ்வொரு ஆண்டும் அதன் வட்டிக்கே போய்விடுகிறது. சென்ற ஆண்டிலிருந்து காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். உடன் படித்தவர்களின் திருமணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்; அன்பளிப்பும் பயணமும் சேர்ந்தால் ஒரு வாரச் சாப்பாடு போய்விடும். அம்மா என் திருமணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் நான் கோபப்படுகிறேன், கோபம் அம்மா மீது இல்லை என்று தெரிந்தும்.

பணவீக்கம் 70 சதவீதத்திலிருந்து ஓரிரு சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று செய்திகளில் வாசிக்கிறேன். கணக்குப் பகுதியில் வேலை செய்யும் எனக்கே இது விளங்கவில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்? எல்லோரையும் போல வெளிநாட்டுக்குப் போவதுதான் வழியா?

பதில் 1 – சுட்டெண்

தங்கச்சி, உங்கள் கணக்கில் தவறு இல்லை. நான் வங்கியொன்றில் 30 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்ட கேள்வியை என் மகளும் கேட்டாள், ஆதலால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பணவீக்கம் என்ற எண், விலை ஏறும் வேகத்தை மட்டுமே அளக்கிறது. பனையில் ஏறிய ஒருவர் உச்சியில் ஏறுவதை நிறுத்திவிட்டார் என்றால், அவர் கீழே இறங்கிவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் பணவீக்கம் குறைந்தது என்ற செய்தியை நம்மில் பலர் அப்படித்தான் வாசிக்கிறோம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 சதவீதம். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் அது 1.3 சதவீதமாக இறங்கியது. 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்குக் கீழே, அதாவது அரைச் சதவீதம் விலை குறைந்ததாகவும் பதிவானது. இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கியதை 2022 இல் ஏறத்தாழ 170 ரூபாய்க்கு வாங்கினீர்கள். 2023 இல் 172. 2024 இல் 171. இடையில் சுட்டெண்ணின் அடியாண்டை, அதாவது விலைகளை ஒப்பிடுவதற்கு அடிப்படையாக வைக்கும் ஆண்டை, மாற்றினார்கள் என்பதால் இந்தப் பெருக்கலைத் துல்லியமானது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நம் தேவைக்கு இது போதும். 45,000 ரூபாயை 1.71 ஆல் பெருக்கினால் 77,000 வருகிறது. நீங்கள் பெறுவது 72,000. அதாவது நான்கு ஆண்டு அனுபவத்துக்கும் உழைப்புக்கும் பிறகு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்ததைவிடக் குறைந்த சம்பளத்தில் நிற்கிறீர்கள்.

இது சராசரிக் கணக்கு மட்டுமே. வருமானம் குறைந்தவர்களின் செலவில் உணவின் பங்கு பெரிது. உணவு விலைதான் அதிகம் ஏறியது. ஆகவே உங்களைப் போன்ற ஒருவருக்கு உண்மையான இழப்பு சுட்டெண் காட்டுவதைவிடப் பெரிதாகவே இருக்கும். விலை இறங்கியதாகச் சொல்லப்பட்ட அதே காலத்தில்தான் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியது. நம் சமையலில் தேங்காய் இல்லாத நாள் எது?

விலைகள் ஏன் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றும் கேட்கலாம். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாய் வரை போய், பிறகு 300 ரூபாய் அளவில் நிலைத்துவிட்டது. எரிபொருள், எரிவாயு, கோதுமை, பருப்பு, மருந்து எல்லாம் டொலரில் வருபவை. 2021 இறுதியில் 177 ரூபாயாக இருந்த பெற்றோல் 2022 ஜூன் இறுதியில் 470 ஆனது. அதன் பின் அந்த உச்சத்திலிருந்து இறங்கியிருந்தாலும் 177 ஐ இனிக் காண்போம் என்று எனக்குத் தோன்றவில்லை. மின் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. பின்னர் சில தடவைகள் குறைத்தார்கள், மீண்டும் கூட்டினார்கள்.

வரியையும் சொல்ல வேண்டும். வருமான வரி உங்களைத் தொடவில்லை. 2023 ஜனவரியில் மாதம் 1 இலட்சத்துக்கு மேல் பெறுபவர்களிடம் வாங்கத் தொடங்கி, 2025 ஏப்ரலில் அந்த எல்லையை ஒன்றரை இலட்சமாக்கினார்கள். உங்களைத் தொடுவது, வாங்கும் பொருளின் விலையோடு சேர்ந்து வரும் பெறுமதிசேர் வரி. 2019 இறுதியில் 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். அரச வருமானம் விழுந்தது. பிறகு 2022 இலேயே 12, 15 என்று ஏற்றி, 2024 ஜனவரி முதல் 18 ஆக்கினார்கள். அதுவரை விலக்கப்பட்டிருந்த எரிபொருளும் எரிவாயுவும்கூட அதற்குள் வந்தன. மாதம் 7 இலட்சம் உழைப்பவரும் 72,000 உழைப்பவரும் ஒரே சவர்க்காரத்துக்கு ஒரே வரியைக் கட்டுகிறார்கள். நீங்கள் முதல் சம்பளம் வாங்கும் முன்பே எடுக்கப்பட்ட முடிவுகளின் விலையை உங்கள் தலைமுறை காலைச் சாப்பாட்டை விட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறது என்பதை எண்ணும்போது, எங்கள் தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சேமலாப நிதியை நம்பியிருக்கிறீர்கள் என்றால் அதையும் அறிந்து வைத்திருங்கள். 2022 இல் நிதிக்கு வரவு வைத்த வட்டி 9 சதவீதம். அந்த ஆண்டின் சராசரிப் பணவீக்கம் 46 சதவீதத்துக்கும் மேல். அதன் பின் கூடுதலாக வட்டி கிடைத்திருந்தாலும் அந்த ஓர் ஆண்டின் இழப்பு நிரம்பவில்லை.

பதில் 2 – பழைய யாழ்ப்பாணத்தார்

மகளே, மேலே எழுதிய ஐயாவின் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் மனம் தளராதிருக்கச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். 1990 களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் நாங்கள். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விலை சொல்ல முடியாத உயரத்தில் இருந்தது. சிறிய போத்தலில் திரி வைத்து, மேலும் எண்ணெய் மிச்சமாகும் விதமாக விளக்குச் செய்து படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். சவர்க்காரத்துக்குப் பனம்பழக் களியைப் பயன்படுத்தி உடுப்புத் தோய்த்தோம். அப்படியிருந்தும் படித்தோம், திருமணம் செய்தோம், பிள்ளைகளை வளர்த்தோம்.

ஆகையால் என் யோசனை இது: இருவர் இருக்கும் அறையை விட்டு, மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறிய வீடு எடுத்துச் சமைத்துச் சாப்பிடுங்கள். தெஹிவளை, இரத்மலானைப் பக்கம் வாடகை சற்றுக் குறைவு. கடைச் சாப்பாட்டில்தான் பணம் கரைகிறது. இளையவர்கள் முயன்றால் இதிலும் மீளலாம்.

பதில் 3 – ஓய்வு பெற்ற ஆசிரியை

ஐயா சொன்ன அந்தக் காலத்தில் நானும் அங்கேதான் இருந்தேன். என் மூத்த மகன் 1993 இல் பிறந்தவன். ஐயாவின் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த நாட்களில் நமக்கு இருந்து, இந்தப் பிள்ளைக்கு இல்லாத சிலவற்றை நாம் மறந்துவிடக் கூடாது. நாம் இருந்தது சொந்த வீட்டில், அல்லது உறவினர் வீட்டில். மாத முடிவில் கதவைத் தட்ட எவரும் இல்லை. வளவில் முருங்கை நின்றது, பனை நின்றது, கிணற்றில் தண்ணீர் இருந்தது. எல்லாவற்றையும்விட, பக்கத்து வீட்டிலும் அதே விளக்குத்தான் எரிந்தது. இல்லாமை ஊருக்கே பொதுவாக இருந்ததால் எவரும் தன் இல்லாமையை மறைக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு வந்திருக்கும் இல்லாமை, வாடகை அறைக்குள் ஒற்றையாக வந்திருக்கிறது. அலுவலகத்தில் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி, அதை மறைக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் இளைய மகன் இதையே செய்தான்.

அவன் 2022 இல் கொழும்பில் வேலை செய்துகொண்டிருந்தான். மாதம் தவறாமல் 20,000 ரூபாய் அனுப்புவான். எரிபொருளைப் பங்கிட்டுத் தரும் கியூஆர் முறை வந்து வரிசைகள் குறைந்த பிறகு, நிலைமை பரவாயில்லை அம்மா என்று தொலைபேசியில் சொல்வான், நானும் நம்பினேன். அடுத்த தைப்பொங்கலுக்கு வந்தபோது அவனுடைய காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. வேலை கூட என்றான். மாசி மாதம் வேலைத்தலத்தில் மயங்கி விழுந்து, மருத்துவமனையில் சேர்த்திருப்பதாக அவனுடைய நண்பன் சொன்ன பின்புதான் இரவு பஸ் எடுத்து ஓடினேன். இரவில் பாணும் பருப்பும், பகலில் தேநீர், இடையிடையே யாராவது கொடுத்தால் சாப்பாடு. ஏழு மாதங்கள் இப்படி வாழ்ந்திருக்கிறான். ஏனடா சொல்லவில்லை என்று கேட்டேன். அக்காவின் திருமணக் கடன் முடியட்டும் என்று இருந்தேன் என்றான்.

பிள்ளை, அன்று என்னை அழ வைத்தது அவனுடைய பட்டினி மட்டுமன்று. அவன் அனுப்பிய 20,000 இல் ஒரு பகுதியை, அவனுக்கென்றே நான் சீட்டுக் கட்டி வந்தேன். அவனுடைய எதிர்காலத்துக்குச் சேர்ப்பதாக எண்ணி அவனுடைய அன்றன்றைய சோற்றைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவன் சொல்லவில்லை. அவனுக்கு நானும் சொல்லவில்லை. ஊருக்குக் கூட்டி வந்து மூன்று கிழமை வைத்திருந்தேன். அந்த நாட்களில் ஒரு கொப்பியை எடுத்து, அவன் பக்கத்து வரவு செலவையும் என் பக்கத்து வரவு செலவையும் எதிரெதிராக எழுதினோம். அனுப்பும் தொகை 8,000 ஆகக் குறைந்தது. வீட்டில் எதுவும் நின்றுவிடவில்லை. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன், அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியை நீங்கள் எங்களிடம் கேட்பதற்கு முன் உங்கள் தாயிடம் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் காலையில் சாப்பிடுவதில்லை என்பது அவருக்குத் தெரியாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தெரிந்தால் அந்த 15,000 ரூபாயை அவர் இப்படியே வாங்குவாரா? உங்கள் தம்பிக்கு மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கிறதா என்பதையும் கேளுங்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 5,000 இலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தினார்கள். கூடிய தொகையை வைத்து அவனும் ஒரு பங்கைத் தாங்கலாம். ஆண்பிள்ளை படிக்கட்டும், பெண்பிள்ளை சமாளிப்பாள் என்று நம் வீடுகளில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; ஆனால் கணக்கை எழுதிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

திருமணத்தைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை இரண்டு தடவை வாசித்தேன். அதற்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். முதலில் காலையில் சாப்பிடுங்கள்.

பதில் 4 – கட்டாரிலிருந்து

சகோதரி, வெளிநாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2022 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் வழியாக 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புறப்பட்டார்கள். அந்த ஆண்டில் 9 இலட்சத்துக்கும் அதிகமான கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. அந்த 3 இலட்சத்தில் நானும் ஒருவன். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் வீட்டுக் கூரை இந்தப் பணத்தில்தான் போடப்பட்டது. ஆனால் போகும் விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் முகவருக்கு 7 இலட்சம் ரூபாய் கொடுத்தேன். அதில் பாதிக்குமேல் வட்டிக்கு வாங்கியது. கொழும்பில் காட்டிய சம்பளம் ஒன்று, இங்கே வந்திறங்கியதும் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தில் இருந்த சம்பளம் இன்னொன்று. கடனை அடைக்க 14 மாதங்கள் பிடித்தன. அதுவரை நான் உழைத்தது எனக்காக இல்லை. அதற்குப் பிறகு கொஞ்சம் மூச்சு விட்டேன். அதிலும் ஒரு செய்தி உண்டு. 2022 தொடக்கத்தில் ஒரு றியால் 55 ரூபாயை ஒட்டி இருந்தது. அந்த ஆண்டின் நடுவில் நூறை நெருங்கியது. நாங்கள் திடீரெனச் செல்வந்தர்கள் ஆனதாக நினைத்துக் கணக்குப் போட்டோம். 2025 இல் 82 அளவில் நின்றது. அதே வேளையில் ஊரில் சீமெந்தும் கம்பியும் ஏறிவிட்டன. பணமாற்று வீதத்தை நம்பிக் கடன் எடுத்தவர்கள் பலர் இங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்களுக்குக் கணக்கியல் தெரியும் என்பது பெரிய பலம். போவதென்றால் முகவரின் அனுமதிப்பத்திரத்தைப் பணியகத்தில் உறுதி செய்யுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சுற்றுலா விசாவில் வந்து வேலை தேடலாம் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். காப்புகளுக்குப் பின் காணியையும் ஈடு வைத்துப் புறப்படும் நிலைக்கு மட்டும் போய்விடாதீர்கள். உங்கள் தொழில்தேர்ச்சிப் பரீட்சைகள் எந்த நிலையில் நிற்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. அதை முடித்துவிட்டு வந்தவர்களுக்கும் முடிக்காமல் வந்த என்னைப் போன்றவர்களுக்கும் இங்கே கிடைக்கும் மரியாதையே வேறு.

பதில் 5 – சிறுநிறுவனத்தார்

நான் மறுபக்கத்தில் இருப்பவன். 20 பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். ஆகவே உங்கள் மேலாளர் என்ன நினைப்பார் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

அரச ஊழியர்களுக்கு 2024 இல் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 7,800 இலிருந்து 17,800 ரூபாயாக உயர்ந்தது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அவர்களுடைய ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தைப் படிப்படியாக 24,250 இலிருந்து 40,000 ஆக்க முடிவு செய்தார்கள். தனியார் துறையில் சட்டம் தலையிடுவது ஆகக் குறைந்த சம்பளத்தில் மட்டுமே. 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. அந்த எல்லைக்கு மேலே, ஆனால் பேரம் பேசும் உயரத்துக்குக் கீழே இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்காக எந்தச் சட்டமும் எழுதப்படவில்லை. கேட்டால் மட்டுமே கிடைக்கும். கேட்காதவர்களுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம், 7 சதவீதம் என்று போட்டுவிட்டு, அது கொடை என்று எங்களில் பலர் நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படி இருந்தவன்தான். 2023 இல் ஆறு மாதத்துக்குள் நான்கு பேர் வெளிநாடு போன பிறகுதான், ஓர் ஆளைப் புதிதாகத் தேடிப் பழக்குவதற்கு ஆகும் செலவு, இருப்பவருக்கு 10,000 ரூபாய் கூட்டிக் கொடுப்பதைவிடப் பெரிது என்று எனக்கு உறைத்தது.

மேலே சுட்டெண் ஐயா போட்ட 77,000 ரூபாய்க் கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். ஆனால் அதோடு மட்டும் போகாதீர்கள். விலை உயர்ந்துவிட்டது என்றால், எனக்கும்தான் மின்சாரம் உயர்ந்துவிட்டது என்று மேலாளர் சொல்வார், அதில் உண்மையும் இருக்கிறது. 2021 இல் உங்கள் பொறுப்பில் என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது, யாருடைய வேலை உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது, மாத முடிவுக் கணக்கை எத்தனை நாளில் முடிக்கிறீர்கள் என்பதை முதலில் வையுங்கள். 77,000 ஐ அதற்குப் பின் சொல்லுங்கள். அது நீங்கள் தொடங்கிய இடம் என்றும், நான்கு ஆண்டு அனுபவத்துக்கான மதிப்பு அதற்கு மேலே என்றும் தெளிவாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சம்பளத்தைக் கூட்டாமல் பயணக் கொடுப்பனவு, அந்தக் கொடுப்பனவு, இந்தக் கொடுப்பனவு என்று பிரித்துத் தர முன்வருவார்கள். உடனடிக் கைக்காசு என்ற வகையில் அது உதவும். ஆனால் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் கட்ட வேண்டும். அதைக் குறைப்பதற்காகவே சில இடங்களில் இப்படிப் பிரிக்கிறார்கள். வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவும் நிதிக்குரிய உழைப்பூதியத்தில் அடங்கும், மேலதிக நேரக் கொடுப்பனவு அடங்காது. கணக்குப் பகுதியில் இருப்பவர் நீங்கள், இதை என்னைவிட நன்றாகவே அறிவீர்கள். உங்களுக்காகப் பேசும்போது மறந்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்வியாளரின் பதில் – வடமராட்சிப் பெண்

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆசிரியை அம்மாவின் பதிலை வாசித்த இரவே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆனால் தொலைபேசியில் சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் ஊருக்குப் போனேன். கொப்பியில் எழுதியதை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு எழுந்து போய்ப் புட்டு அவித்தார். சாப்பிட்டு முடிக்கும் வரை அருகிலேயே இருந்தார்.

தம்பிக்குப் புலமைப்பரிசில் கூடியிருந்தது. அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இனி 9,000 ரூபாய் அனுப்பினால் போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு அது நிம்மதியாகவும் இருக்கிறது, குற்றமாகவும் இருக்கிறது. மேலாளரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். அடுத்த மாத முதல் கிழமை தருவதாகச் சொன்னார். பரீட்சையில் இரண்டு பாடங்கள் மிச்சம் இருக்கின்றன, கட்டணத்தால் தள்ளிப்போட்டவை. வெளிநாட்டு யோசனையை அவை முடியும் வரை எடுக்கப் போவதில்லை.

ஐயா சொன்னபடி வேறு இடத்துக்கு மாறுவது பற்றியும் விசாரித்தேன். இரத்மலானையில் வாடகை குறைவுதான். ஆனால் ஓராண்டு முற்பணம் கேட்கிறார்கள். மூன்று பேர் சேர்ந்தாலும் அந்தத் தொகையை ஒரேயடியாகக் கொடுக்க எங்களால் முடியாது. குறைந்த வாடகைக்குப் போவதற்கே கையில் பணம் வேண்டியிருக்கிறது.

ஒரேயொரு கேள்வி மிச்சம். மாதம் மிஞ்சப்போகும் 6,000 ரூபாயைச் சீட்டில் போடுவதா, அல்லது காப்புகளை மீட்பதற்கு வைப்பதா?

பதில் 6 – சுட்டெண்

காப்புக்கே வையுங்கள், தங்கச்சி. பாதி ஆண்டுக்கு ஒருமுறையோ வங்கி அனுமதித்தால் மாதந்தோறுமோ வட்டியோடு, வாங்கிய கடன் முதலிலும் ஒரு பகுதியைக் கட்டுங்கள். போனஸ் வரும் வரை வட்டியைச் சேரவிட்டால் முதல் குறையவே குறையாது. நீங்கள் ஈடு வைத்த காலத்தில் வட்டி வீதங்கள் ஏறத் தொடங்கியிருந்தன. 2022 ஏப்ரலில் மட்டும் மத்திய வங்கி ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. இப்போது வெகுவாக இறங்கியிருக்கின்றன. நீங்கள் ஆண்டுதோறும் புதுப்பித்தபோது எந்த வீதம் போட்டார்கள் என்று பற்றுச்சீட்டைப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் குறைந்த வீதத்துக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள், மறுத்தால் வேறு வங்கியில் விசாரியுங்கள். தவணை முடியும் திகதியை உங்கள் அறைத் தோழியிடமும் சொல்லி வையுங்கள். ஏல அறிவித்தல் ஊர் முகவரிக்குப் போய், நீங்கள் பார்க்காமல் விடும் நிலை வரக் கூடாது.

முதல் 6,000 ரூபாயில் மட்டும் 2,000 ஐ எடுத்து, காலைச் சாப்பாட்டுக்கு என்று வேறாக வைத்துவிடுங்கள்.